பைக்காராவில் சாயங்காலப் படகு: தண்ணீருக்கு ஐந்தில் நாலு மார்க், டீக்கு அரை மார்க்

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பைக்காரா நீர்த்தேக்கத்தில் சாயங்காலம் படகில் போவது அருமையான விஷயம். யார் கேட்டாலும் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதே படகை ‘பானங்களுடன் மாலை நேர ஆற்று உலா’ என்று பெயர் வைத்து, வேன், கைடு, டீ, வர்க்கி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1450 ரூபாய் என்று ஊட்டியில் ஒரு டிராவல்ஸில் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். டிராவல்ஸின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அதன் டீயைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

நான் கோத்தகிரிக்காரன், வீடு அரவேணுப் பக்கம். வெளியில் பச்சை இலை வாங்கித் தூள் செய்யும் பாட்லீஃப் ஃபேக்டரியில், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். எங்கள் இரண்டு குடும்பமுமே 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் தங்கியவை. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அதனால் பானங்கள் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள், மாப்பிள்ளை, பேத்தி மூன்று பேரும் பொங்கல் முடிந்த கையோடு சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். புக் செய்தது மகள். வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸில் அழகான படம் போட்டிருந்தார்கள்: ஆரஞ்சு நிற வானம், நடுத்தண்ணீரில் படகு, படகுக்குள் ஆவி பறக்கும் பீங்கான் கப். கீழே, ‘அளவில்லாத சூடான பானங்கள், நீலகிரி ஃப்ராஸ்ட் டீ சுவைக்கும் அனுபவம்’. ஃப்ராஸ்ட் டீ என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். பெரியவர்கள் நாலு பேர், பேத்திக்குப் பாதி, மொத்தம் 6525 ரூபாய்.

இரண்டரை மணிக்கு ஊட்டி சேரிங் கிராஸில் வேன் என்றார்கள். வேன் வந்தது. ஆனால் அப்புறம் அது ஒவ்வொரு லாட்ஜ் வாசலாக நின்று மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ஃபிங்கர்போஸ்ட் தாண்டும்போது மூன்றேகால் ஆகிவிட்டது. திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், பெங்களூரிலிருந்து நாலு பையன்கள், நாங்கள். ஊட்டியிலிருந்து பைக்காரா சுமார் 20 கிலோமீட்டர், கூடலூர் போகும் ரோடு. எக்ஸ்ரே ஃபிலிம் செய்துகொண்டிருந்த எச்.பி.எஃப். ஃபேக்டரியைத் தாண்டும்போது மாப்பிள்ளை, “இது என்ன மாமா, இவ்வளவு பெரிய இடம் பூட்டிக் கிடக்கிறது?” என்று கேட்டார். ஒரு காலத்தில் அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள் என்று சொன்னேன். தலைக்குந்தாவில் ரோட்டோரப் புல் கருகிக் கிடந்தது. ஜனவரியில் அங்கே உறைபனி விழாத நாள் குறைவு. பைன் காட்டில் வேன் நிற்கும் என்று நோட்டீஸில் இருந்தது. நேரமாகிவிட்டது என்று நிற்கவில்லை.

நேரமாகிவிட்டது என்பது உண்மைதான். பைக்காரா படகு இல்லத்தில் இருட்டிய பிறகு படகு கிடையாது. சுற்றிலும் காடு. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கடைசிப் படகு கரைக்கு வந்தாக வேண்டும். ஜனவரியில் சூரியன் மறைய ஆறு மணி தாண்டும். ஆகவே நோட்டீஸில் இருக்கும் ஆரஞ்சு வானத்தை நடுத்தண்ணீரில் இருந்து யாரும் பார்க்க வழியில்லை. இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ‘சூரிய அஸ்தமனம்’ என்பதை மனத்திலிருந்து எடுத்துவிட்டுப் போங்கள். நாலரை மணிக்குக் கிடைப்பது வேறு ஒன்று, அது இதைவிட நன்றாகவே இருக்கும்.

படகு எட்டுப் பேர் உட்காரும் மோட்டார் படகு. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் போட்டு, பேத்திக்குச் சின்ன சைஸ் தேடி எடுத்து வந்து, பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். படகோட்டி நடுத்தர வயதுக்காரர், தலையில் கம்பளிக் குல்லா, அதிகம் பேசாதவர். இரண்டு பேர் மூன்று பேர் போகும் ஸ்பீட் படகும் உண்டு. பெங்களூர்ப் பையன்கள் தனியாகக் காசு கட்டி அதில் ஏறிக்கொண்டார்கள். நீங்கள் அதில் ஏறாதீர்கள். வளைவில் தண்ணீர் முகத்தில் அடிக்கும், கத்தலாம், அவ்வளவுதான். பார்க்க ஒன்றும் மிஞ்சாது. எங்களுக்கு முன்னால் அவர்கள் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

இந்த நீர்த்தேக்கத்தின் அழகு அதன் வடிவத்தில் இருக்கிறது. ஊட்டி ஏரி மாதிரி ஒரே பார்வையில் முடிந்துவிடாது. ஆறு வந்த பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கியதால் மலை மடிப்புகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்து நிற்கிறது. ஒரு முனையைச் சுற்றினால் இன்னொரு கை திறக்கிறது, அதைத் தாண்டினால் இன்னொன்று. கரையில் மேலே புல்வெளி, மடிப்புகளில் மட்டும் கருப்பாகச் சோலை, நடுநடுவே வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வாட்டில் மரமும். நாங்கள் போன நேரத்தில் மேற்குக் கரையின் நிழல் தண்ணீரில் பாதி வரை வந்துவிட்டது. நிழலுக்குள் படகு போனதும் குளிர் சட்டென்று மாறியது. பேத்தி ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டாள். வெயில் பக்கம் தண்ணீர் பச்சை, நிழல் பக்கம் மை. நடுவில் கத்தியால் கோடு போட்டு வைத்திருந்தது. இதற்குத்தான் சாயங்காலம் போகவேண்டும். மதியம் போனால் எல்லாம் ஒரே வெளிச்சம்.

ஒரு மடிப்புக்குள் போனதும் படகோட்டி எஞ்சினைக் குறைத்தார். ஏன் என்று கேட்பதற்குள் கையைக் காட்டினார். சோலையை ஒட்டி மூன்று கடமான், தண்ணீர் குடிக்க வந்தவை. ஒன்று கொம்புள்ளது. யாரும் சொல்லித் தராமலே பேத்தி வாயை மூடிக்கொண்டாள். அவை நிமிர்ந்து பார்த்தன, அப்புறம் குனிந்து குடித்தன. எங்கள் ஊரில் காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே வந்து நிற்கும், அதனால் மிருகம் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் தண்ணீர் மேல் உட்கார்ந்துகொண்டு, எந்த வேலியும் நடுவில் இல்லாமல் பார்ப்பது வேறுதான். இதைப் படகோட்டி தன் விருப்பத்தில் செய்தார், பேக்கேஜில் சேர்ந்தது அல்ல. டிக்கெட் வாங்கிப் போனாலும் இதேதான் கிடைக்கும், மிருகம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் இருபது நிமிடம் போல இருக்கும். இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியதால்தான் ஐந்தில் ஒரு மார்க்கைக் குறைத்தேன்.

கைடைப் பற்றி. கூடலூர்ப் பக்கத்துப் பையன், மரியாதையானவன், “ஐயா, பார்த்து ஏறுங்க” என்று என் மனைவிக்கும் எனக்கும் கை கொடுத்து ஏற்றிவிட்டான். ஆனால் அவனுக்கு யாரோ தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “இது ஆசியாவிலேயே சுத்தமான இயற்கை ஏரி” என்று ஆரம்பித்தான். திருப்பூர்க்காரர் அதை அப்படியே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இது ஏரியும் இல்லை, இயற்கையும் இல்லை. முக்குருத்தி மலைப் பக்கம் பிறந்து வரும் பைக்காரா ஆற்றை மறித்துக் கட்டிய மின்சார வாரியத்து அணை. நான் அப்போது குறுக்கே பேசவில்லை, பையனுக்கு முகம் வாடிவிடும். கரைக்கு வந்தபிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்து பார்த்தால் அந்தத் தண்ணீர் வேறு மாதிரி தெரியும். பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் ஓட ஆரம்பித்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிய அளவில் வந்த முதல் நீர்மின்சாரம் இதுதான். இங்கேயிருந்து தண்ணீர் கிளென்மார்கன் பக்கம் போய், அங்கிருந்து இரும்புக் குழாயில் கிட்டத்தட்ட 3000 அடி கீழே சிங்காரா மின்நிலையத்துக்கு விழுகிறது. அந்தக் கரண்ட் கோயம்புத்தூருக்குப் போனபிறகுதான் அங்கே பஞ்சு மில்கள் மளமளவென்று பெருகின. திருப்பூர்க்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் முதல் தடவையாக போனைக் கீழே இறக்கினார். அவருடைய அப்பா மில் தொழிலாளியாம். தண்ணீர் கீழே போய் மாயாறாகி, பவானியோடு சேர்ந்து, கடைசியில் காவிரிக்குப் போகிறது. தோடர்களுக்கு இது புனிதமான ஆறு. அணை, மின்சாரம், படகு எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தவை. ஒரு கைடு இதில் நாலு வரி சொன்னாலே போதும், 1450இல் ஒரு பங்கை நியாயப்படுத்தலாம். அதற்குப் பதிலாக எந்தப் பாறையில் எந்த நடிகர் நின்று பாடினார் என்று சொல்லவைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்து நடிகர்கள் என்பதால் என் மனைவிக்கு அது பிடித்திருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

சரி, பானங்களுக்கு வருவோம்.

முதலில், படகில் எதுவும் தரமாட்டார்கள். ஆடும் படகில் கொதிக்கிற டீயை யார் ஊற்றுவது, ஊற்றினாலும் யார் குடிப்பது. கைடிடம் கேட்டதற்கு, “படகுல சிந்தும் ஐயா, விடமாட்டாங்க” என்றான். அது நியாயம். நோட்டீஸ் அச்சடித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் அல்லவா? பானங்கள் கிடைத்தது கரைக்கு வந்தபின், வேன் நிறுத்திய இடத்தில், பின்கதவைத் திறந்துவைத்து. மூன்று பெரிய ஃபிளாஸ்க், ஒரு தட்டில் வர்க்கி, எவர்சில்வர் டம்ளர். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் தமிழ்நாடு முழுக்கவே 2019இலிருந்து தடை. எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்ததற்குத்தான் தலைப்பில் சொன்ன அந்த அரை மார்க். சூடு கையைப் பொசுக்கும் என்று நினைத்துத் துண்டால் பிடித்தேன். தேவையே இருக்கவில்லை. டீ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

பெங்களூர்ப் பையன்களில் ஒருவர் பீர் இல்லையா என்று கேட்டார். அணைக்கட்டில் அதெல்லாம் எப்படித் தருவார்கள் என்று அவருடைய நண்பரே அவரை அடக்கிவிட்டார்.

பால் டீ. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, ஊட்டியில் மதியம் போட்டு, பாலையும் தூளையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் போட்டு அப்படியே ஃபிளாஸ்க்கில் அடைத்தது. டீத்தூளிலிருந்து கஷாயம் இறங்குவதற்கு ஒரு நேரம் உண்டு. சிடிசி டஸ்ட், அதாவது மெஷினில் நசுக்கி உருட்டிய பொடித்தூள் என்றால் இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்குமேல் தூளோடு கிடந்தால் துவர்ப்பு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபிளாஸ்க்கின் அடியில் தூள் இருந்தது, கடைசி டம்ளரில் வந்து விழுந்தது. பால் வேறு மணிக்கணக்காகச் சூட்டில் இருந்தால் ஒரு வேகிய வாசம் வரும், அதுவும் இருந்தது. என் மனைவி இரண்டாவது வாய் குடிக்கவில்லை. “ஏங்க, இது முத்தின இலை” என்று சொல்லிவிட்டுப் புல்லில் கவிழ்த்துவிட்டார். ரெண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கிள்ளி எடுத்த கை அது. முற்றிய இலையும் தண்டும் சேர்த்துச் செய்த தூள் நாக்கில் எப்படிப் படும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு ஃபேக்டரி அறையில் அரைமணி நேரம் ஆகும் தீர்ப்பு அது.

லெமன் டீ என்று ஒன்று. டீயும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, சர்க்கரைத் தண்ணீரில் புளிப்பு. ஹாட் சாக்லெட் பாக்கெட் தூளைக் கலக்கியதுதான், ஆனாலும் குழந்தைகளுக்குப் பிடித்தது. பேத்தி இரண்டு டம்ளர் குடித்தாள், திருப்பூர் வீட்டுப் பையன் மூன்று. குளிரில் இனிப்பாக ஏதாவது உள்ளே போனால் போதும் என்கிற வயது, நான் குறை சொல்லமாட்டேன். வர்க்கி நன்றாக இருந்தது, அன்றைக்குச் சுட்டது. வர்க்கியை யாரும் கெடுக்க முடியாது.

கடைசியில் வந்தது ஃப்ராஸ்ட் டீ. இதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எங்கள் மலையில் ராத்திரி பனி விழும், பகலில் காய்ந்த காற்றும் நல்ல வெயிலும். செடி மெல்லத்தான் வளரும், கொழுந்து குறைவாக வரும். ஆனால் அந்தக் கொழுந்தில் வாசனை திரண்டு நிற்கும். அதை நிதானமாக வாடவிட்டு, நசுக்காமல் ஆர்த்தடாக்ஸ் முறையில் உருட்டி எடுத்தால், தண்ணீரில் போட்டதும் பூ வாசம் வரும். பால் சேர்க்கக் கூடாது, சர்க்கரையும் வேண்டாம். இலை முறுக்கிய கம்பியாக, நீளமாக, கருத்து இருக்கும். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் என்பது எல்லாத் தேயிலைக்கும் பொது. இதில் அந்த நாலு கிலோவைச் சேர்ப்பதே பெரும்பாடு. அதனால் விலை அதிகம்.

டிராவல்ஸ் தந்தது என்ன? டீ பேக். நூலின் நுனியில் லேபிள் கூட இல்லை. பையனிடம் கேட்டு ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே டஸ்ட், அதுவும் சிடிசி. உருண்டை உருண்டையாக, பழுப்பு நிறத்தில். மூக்கில் வைத்தால் ஒன்றும் இல்லை, ஈரம் வாங்கிப் பழசான தூள். இதை டேஸ்டிங் ரூமில் ஃபிளாட், அதாவது உயிரில்லாதது என்று ஒதுக்கி வைத்துவிடுவோம். ஊற்றிய வெந்நீரும் ஃபிளாஸ்க் வெந்நீர்தான். இந்த உயரத்தில் தண்ணீர் அடுப்பில் கொதிக்கும்போதே சுமார் 93 டிகிரிதான் இருக்கும், கீழ்நாட்டு 100 டிகிரி இங்கே வராது. அதை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, வேனில் 20 கிலோமீட்டர் கொண்டுவந்து, படகு போய்த் திரும்பும் வரை வைத்திருந்தால் எந்த இலையும் மலராது. நிஜமான ஃப்ராஸ்ட் டீயாக இருந்திருந்தால்கூட அந்தத் தண்ணீர் அதைக் கொன்றிருக்கும். முறையாகச் சுவைப்பதென்றால் 100 மில்லிக்கு இரண்டு கிராம் இலை, கொதித்த கையோடு தண்ணீர், மூடி வைத்து ஆறு நிமிடம். ஒரு கேஸ் அடுப்பும் ஒரு கெட்டிலும் இருந்தால் வேன் நிற்கும் இடத்தில் இதைச் செய்துவிடலாம். அதைச் செய்திருந்தால் நான் இந்த 1450ஐ யாரிடமும் குறை சொல்லியிருக்கமாட்டேன், நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

“தம்பி, இது ஃப்ராஸ்ட் டீ இல்லையே” என்றேன். “ஓனர் குடுத்தது ஐயா” என்றான். அவனை என்ன சொல்வது. மாப்பிள்ளைதான் ஊட்டிக்குத் திரும்பியதும் டிராவல்ஸுக்கு போன் போட்டார். “ஊட்டி டீ எல்லாமே குளிரில் விளையுறதுதானே சார்” என்று பதில் வந்தது. மாப்பிள்ளை ஐ.டி. வேலை, கோபமே வராதவர், அன்றைக்கு அவருக்கும் கொஞ்சம் வந்தது. மறுநாள் அதே நம்பரிலிருந்து ஐந்து ஸ்டார் போடச் சொல்லி மகளுக்கு மெசேஜ்.

கணக்குப் பார்த்தால் இப்படி. படகு இல்லத்தில் கவுண்டர் மேல் கட்டண போர்டு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். படகுக்குத்தான் விலை, தலைக்கு அல்ல. எட்டுப் பேர் சேர்ந்தால் பங்கு சிறியதாகிவிடும். ஊட்டியிலிருந்து பைக்காரா வரை ஐந்து பேருக்கு டாக்ஸி வைத்து, போகவர, காத்திருப்பு எல்லாம் சேர்த்தாலும் நாங்கள் கொடுத்த 6525க்கு ரொம்பக் கீழேதான் வரும். பஸ்ஸில் போனால் சொல்லவே வேண்டாம். கூடலூர் போகும் பஸ் எல்லாம் அந்த வழிதான், இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். எங்களை மாதிரி முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டுமானால் டாக்ஸி பிடிக்கலாம். ஆக, வேன், டிக்கெட் போக மிச்சம் கொடுத்ததெல்லாம் கைடுக்கும் பானங்களுக்கும். கைடு பையனுக்கு அதில் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன், சிரித்துவிட்டான்.

வெளியூரிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து ஹைகோர்ட் உத்தரவில் இருக்கிறது. பேக்கேஜ்காரர்கள் இதைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் வேனில் ஏற்றுகிறார்கள். போனிலேயே எடுத்துவிடலாம், பெரிய வேலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் சின்னது கொண்டுவந்தால் செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

எப்போது போவது என்றால், மழை முடிந்து அணை நிறைந்திருக்கும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் இறங்கி, கரை முழுக்கச் செம்மண் வரிவரியாகத் தெரியும். கூட்டமும் அப்போதுதான் அதிகம், டிக்கெட்டுக்கே பாதி நாள் போய்விடும். ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியும், படகு போகுமா என்பதே சந்தேகம். மூன்றரை மணிக்கே கவுண்டரில் நில்லுங்கள், நாலு, நாலரைக்குள் படகு கிடைத்தால் நான் சொன்ன அந்த நிழல்கோட்டைப் பார்க்கலாம். காதை மூடும் குல்லா அவசியம். ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்று தண்ணீரிலிருந்து வருகிறது.

டீயை நீங்களே கொண்டுபோங்கள். ஃபிளாஸ்க்கில் டீ கெடாமல் இருக்க வழி உண்டு. பால் சேர்க்காமல் வெறும் சாயம் மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டு, நாலு நிமிடத்தில் தூள் துளிகூட இல்லாமல் வடித்து, வெந்நீர் ஊற்றி அலசிய ஃபிளாஸ்க்கில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். காலி இடம் இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். பாலைத் தனியாக இன்னொரு சின்ன ஃபிளாஸ்க்கில். சர்க்கரை பொட்டலத்தில். குடிக்கும்போது கலந்துகொள்ளலாம். தூள் ஊட்டியிலேயே வாங்குவதானால் இண்ட்கோ கூட்டுறவுக் கடையிலோ அரசு நிறுவனமான டேன்டீ கடையிலோ வாங்குங்கள். ஃப்ராஸ்ட் டீ என்று யாராவது நீட்டினால் முதலில் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். முறுக்கிய நீள இலை இல்லாமல் தூளாக இருந்தால், நல்லபடியாகவே திருப்பிக் கொடுத்துவிடலாம்.